முடுக்கு வாசல்

பள்ளிவாசல் ஒலிபெருக்கி செருமியபோது நான் ஆர்டர் வந்திருந்த தம்மடைப் பணியாரத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தேன். பாங்கு நேரம் இல்லாத நேரத்தில் அது செருமினால் ஊரில் யாரோ மவுத்து என்று பொருள். காயல்பட்டினத்தில் அப்போது எல்லா வீட்டிலும் மிக்ஸி நிற்கும், குழாய் நிற்கும், சண்டைகூட நிற்கும். எடுத்த எடுப்பில் இறந்தவர் பெயரைச் சொல்லிவிட மாட்டார்கள். யாருக்கு மகன், யாருக்கு மருமகன், யாருக்குத் தகப்பன் என்று உறவையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்துத்தான் ஆளுக்கு வருவார்கள். அதற்குள் பாதி ஊர் ஆளைக் கண்டுபிடித்திருக்கும்.

"மர்ஹூம் செய்யது இபுறாஹீம் அவர்களின் மகனும்" என்றது ஒலிபெருக்கி. என் கை நிற்கவில்லை. "மீராசாஹிபு அவர்களின் மருமகனும்" என்றது. அந்த இடத்தில் முன்பெல்லாம் என் வாப்பா பெயர் இருந்தது. கல்யாணப் பத்திரிகையிலும் கந்தூரி நோட்டீஸிலும் "சதக்குத்தம்பி மருமகன் ஈஸா" என்றுதான் போடுவார்கள். "ரியாஸ் அவர்களின் தகப்பனாருமான" என்றது. ரியாஸ் என் மகன். அதற்குப் பிறகு சொன்ன பெயரை நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. முட்டையை அடித்துக்கொண்டே இருந்தேன். ரவையைக் கொட்டினேன், நெய்யை ஊற்றினேன், சட்டியை அடுப்பில் ஏற்றி மூடிமேல் கங்கு அள்ளிப் போட்டேன். அந்தத் தம்மடை அன்றைக்கு நன்றாகத்தான் வந்தது. இன்று நினைத்தாலும் அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் ஊரில் பெண் புகுந்த வீடு போவதில்லை. பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் அங்கே வந்து வாழ வேண்டும். ஆகவே முறிந்துபோனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதும் அவர்தான். ஈஸாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பல் சரக்குக்குக் கிளியரன்ஸ் எடுத்துக் கொடுக்கும் ஒரு ஆபீசில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்த் திரும்புவார். முத்துக் குளித்த வம்சம் என்று பெருமை பேசாத ஆண் எங்கள் ஊரில் கிடையாது, ஆனால் நீச்சல் தெரிந்தவரை வலைபோட்டுத் தேட வேண்டும். இவரும் அப்படித்தான், கப்பலைக் காகிதத்தில்தான் தொட்டவர். ரியாஸ் பத்தாவது படிக்கும்போது, தூத்துக்குடியில் வாடகைக்கு வீடு பார்ப்போம், அங்கேயே போய்விடுவோம் என்று ஆரம்பித்தார். என் உம்மாவையும் இந்த வீட்டையும் விட்டு எங்கே வருவது என்றேன். அவர் கேட்க, நான் மறுக்க, அது வளர்ந்தது. பிறகு பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். எங்கள் இருவரையும் வைத்துக்கொள்ளாமலேயே அவர்கள் பேசிப் பேசி ஒருநாள் அது முடிந்தும் போனது. அதன்பின் அவர் ஆஃபியாவைக் கட்டி அடுத்த தெருவில் அவள் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து அதே பஸ், அதே துறைமுகம். தூத்துக்குடிக்குப் போக வேண்டும் என்று என்னிடம் அந்தச் சண்டை போட்ட மனிதர் ஒரு தெரு தள்ளித்தான் குடிபோனார் என்பதை என்னால் கடைசிவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

தலாக்குக்கும் இத்தா உண்டு. புருஷன் இறந்தால் வீட்டுக்குள் அடைந்திருப்பதுபோல இதற்கும் சில மாதம் இருக்க வேண்டும், நானும் இருந்தேன். ஆனால் இந்த இத்தாவுக்கு யாரும் கஞ்சி கொண்டுவருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதும் இல்லை. அவர் உயிரோடுதானே இருக்கிறார், அழுவதற்கு என்ன இருக்கிறது என்று நானும் அழவில்லை. பஸ் ஸ்டாண்டில் விட்டிருக்கும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, மகரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னால் எங்கள் தெருமுனையில் அவர் திரும்புவார். சைலன்சர் ஓட்டையான வண்டி. அந்தச் சத்தம் கேட்டால், சரி, ஆள் வந்து சேர்ந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு நான் விளக்கைப் போடுவேன். அவ்வளவுதான் எங்களுக்குள் மிச்சம் இருந்தது. அது மிச்சம் என்றுகூட அன்று வரை எனக்குத் தெரியாது.

ஆபீசில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். பழையகாயல், முக்காணி வழியாக ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நான் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முடுக்கு வழியாகப் போனேன். முடுக்கு என்பது எங்கள் வீடுகளின் பின்னால் ஓடும் ஒடுக்கமான சந்து. பெண்கள் தெருவில் இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வருவதற்கென்று அந்தக் காலத்திலேயே விட்டுவைத்தது. ஆண்கள் அதில் கால்வைப்பதில்லை. மீன்காரர்கூட முனையில் நின்றுதான் குரல் கொடுப்பார். வீடுகளின் முடுக்கு வாசல்கள் எல்லாம் தாழ்வானவை. நான் குள்ளம் என்பதால் எனக்குக் குனிகிற வேலை இருந்ததில்லை.

ஆஃபியா வீட்டு உள்கூடம் பெண்களால் நிறைந்திருந்தது. என்னைக் கண்டதும் பேச்சு தணிந்தது, வழி விட்டார்கள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் பேரில் தப்பில்லை, என்னை எங்கே உட்கார வைப்பது என்று யாருக்குத்தான் தெரியும்? துக்க வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் உண்டு. எனக்கு இல்லை. சுவரோரமாக நின்றுகொண்டேன். குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, முகத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டு ஆண்கள் வெளியே போனார்கள். எல்லாவற்றையும் முன்னின்று நடத்தும் ஒரு பெரிய மனுஷி வாசலை அடைத்து நின்று சொன்னாள்.

"மஹ்ரமான பொம்பளைய மட்டும் வாங்க. மத்தவங்க அங்கன இருந்தே துஆ செய்ங்க."

மஹ்ரம் என்றால் தாய், மகள், உடன்பிறந்தவள் மாதிரி முகம் பார்க்கத் தடையில்லாத உறவு. மனைவிக்கும் தடையில்லை. தலாக் ஆனவளுக்கு அவர் அந்நிய ஆண். சட்டம் எனக்கும் தெரியும், அதை நான் குறை சொல்ல வரவில்லை. அவருடைய உடன்பிறந்தவள், ஒரு காலத்தில் எனக்கு மைனி, போகிற போக்கில் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு உள்ளே போனாள். ஆஃபியாவை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிப்போனார்கள். அந்த முகத்துக்கு நான் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன், காய்ச்சலில் ஈரத்துணி போட்டிருக்கிறேன், கோபத்தில் திருப்பிக்கொண்டு படுத்தபோது அது தூங்கிவிட்டதா என்று எட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கு அன்று கிடைத்தது கால்மாட்டில் கஃபனைக் கட்டியிருந்த முடிச்சு மட்டும். அதைப் பார்த்துக்கொண்டே துஆ செய்தேன். பிறகு சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

அன்று மாலை ஷார்ஜாவிலிருந்து ரியாஸ் கூப்பிட்டான். அடக்கத்துக்கு அவனால் வந்துசேர முடியவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் தகப்பனைப் போனில் பறிகொடுக்கிறார்கள்.

"உம்மா, வாப்பா முகத்தப் பாத்தீங்களா?" என்றான். மூக்கடைத்த குரல்.

"பாத்தேன் மவனே."

"எப்படிம்மா இருந்தாஹ?"

"தூங்குற மாதிரி இருந்தாஹ."

"லீவு கெடச்சதும் வாரேன்ம்மா. வந்து உங்கள்ட்ட உக்காந்து கேக்கணும். ஒன்னு விடாம சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? உன் வாப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று, கடல் தாண்டி ஒற்றையில் அழுகிற பிள்ளையிடம் எந்த உம்மா சொல்வாள்?

அதற்குப் பின் வந்த வாரங்களை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வெளியில் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆர்டர் வந்தது, தம்மடை போட்டேன், வட்டலப்பம் போட்டேன். ஒரு நிக்காஹ் வீட்டுத் தம்மடையில் சீனியே போடவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வாயில் போட்டுப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாலையானால் விளக்கைப் போடத் தோன்றாது. உம்மா வந்து "என்னளா இருட்டுக்குள்ள ஒக்காந்திருக்கா?" என்பாள். தெருமுனைச் சத்தம் வந்தால்தானே எனக்கு மாலை என்று அவளுக்கு எப்படித் தெரியும். பெண்கள் மதரசாவில் ஆலிமா பயான் உரையில் சொன்னார்: கணவனைத் தவிர வேறு எவருக்காகவும் மூன்று நாளுக்கு மேல் துக்கம் கொண்டாடக் கூடாது. நான் அந்த வரியைப் பல நாள் உள்ளுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மூன்று நாள்கூடக் கிடைக்கவில்லையே.

"அடுத்த தெருவுல இத்தாவுல இருக்கவளே நேரத்துக்குக் கஞ்சி குடிக்கிறாளாம்," என்றாள் உம்மா ஒருநாள், தட்டில் நான் பிசைந்து வைத்திருந்த சோற்றைப் பார்த்து. "ஒனக்கு என்னளா வந்துச்சு?"

என் உம்மா ரஹ்மத்துன்னிஸாவுக்கு வாய்தான் தேள், மனசு அப்படியில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவளும் ஒரு மருமகனை இழந்தவள்தான். அவளும் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் துக்கம் காத்துக்கொண்டிருந்தோம்.

ரியாஸுக்கு லீவு கிடைத்தது. அடுத்த வாரம் வருகிறேன் என்று டிக்கெட்டை வாட்ஸப்பில் அனுப்பினான். அவன் வந்து என் முன்னால் உட்கார்ந்து, சொல்லுங்கம்மா என்பான். தூங்குற மாதிரி என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை நேரம் ஓட்ட முடியும்? அவனுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் கேட்காவிட்டாலும் அந்த முகம் எனக்கு வேண்டியிருந்தது. முகம் இல்லாமல் அவர் செத்ததாகவே என் மனசு ஏற்றுக்கொள்ளவில்லை.

மதிய ளுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, தம்மடைத் தூக்கை எடுத்துக்கொண்டு முடுக்கில் இறங்கினேன். ஆஃபியாவின் உம்மா என்னைக் கண்டு ஒரு கணம் விழித்தாள். பிறகு ஸலாம் சொல்லி, உள்ளறையைக் கண்ணால் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. வெள்ளைப் புடவையில் ஆஃபியா மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். இவளைப் பற்றி நான் என்னென்னவோ நினைத்திருக்கிறேன். பக்கத்தில் பார்த்தால் தூக்கமில்லாத கண்ணும் வெடித்த உதடுமாக ஒரு சின்னப் பெண். நான் தரையில் உட்கார்ந்து தூக்கை வைத்தேன். மின்விசிறிதான் பேசிக்கொண்டிருந்தது.

"ஆஃபியா," என்றேன் கடைசியில். "நான் ஒன்னு கேக்க வந்தேன். கோவிச்சுக்காத. அன்னைக்கி நான் முகத்தப் பாக்கல."

அவள் நிமிர்ந்தாள்.

"ரியாஸ்ட்ட பாத்தேன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் வாரான். வந்து கேப்பான்."

அவள் தலையை இறக்கிக் கைவிரல்களைப் பார்த்தாள். என்னை எழுந்து போகச் சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தால் நியாயம்தான்.

"கன்னம் ரெண்டும் உள்ள போயிருந்துச்சு லாத்தா," என்றாள், அக்கா முறை வைத்து. "காலைல டீ குடிச்சிட்டுப் போகையில அப்படி இல்ல. தாடிய யாரோ சீவி விட்டிருந்தாஹ, வழக்கத்துக்கு மாறா ஒரு பக்கமா. அத மாத்தணும்னு கை நீட்டுனேன், பிடிச்சிட்டாஹ. ஒதடு கறுத்திருந்துச்சு. தூங்குற மாதிரி இருக்காஹன்னு எல்லாரும் சொன்னாஹ. எனக்கு அப்படித் தெரியல."

"ஏன்?"

"தூங்கும்போது அவுஹ முகம் அப்படி இருக்காது."

"நெத்தி சுருங்கி இருக்கும்," என்றேன் என்னையறியாமல். "கணக்குப் போடுற மாதிரி."

"ஆமா லாத்தா. அன்னைக்கி நெத்தியில சுருக்கமே இல்ல. அதப் பாத்துத்தான் எனக்குத் தெரிஞ்சிச்சு, போயிட்டாஹன்னு."

அந்த நிமிஷம் எனக்கும் தெரிந்தது. அத்தனை வாரம் கழித்து, சாத்தின ஜன்னலுக்குப் பின்னால், ஈஸா செத்துப்போனார். ஆனால் கண்ணில் ஒன்றும் வரவில்லை. வாழ்க்கை முழுக்க அடக்கிப் பழகிய கண்.

"நான் ஒன்னு கேக்கட்டுமா?" என்றாள் ஆஃபியா. "உங்கள்ட்ட எதுக்குச் சண்ட போட்டாஹ? அந்தத் தூத்துக்குடி வீட்டுக்குத்தானா?"

"அதுக்குத்தான்னு நெனச்சேன்."

"எங்கிட்டயும் கேட்டாஹ லாத்தா. கட்டுன புதுசுல. தூத்துக்குடியில வூடு பாக்கட்டுமா, வாரியான்னு. நான் சரி வாரேன்னுட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. கசப்பான சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. சரி என்ற ஒரு சொல்லுக்காகவா, இல்லை வேறு ஏதாவதா? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. ஆள் இருந்த காலத்திலும் நான் கேட்கவில்லை.

"அந்தத் தழும்பு மட்டும் நல்லாத் தெரிஞ்சிச்சு," என்றாள் அவள், மறந்துவிட்டதைச் சேர்ப்பதுபோல. "எடது புருவத்துக்கு மேல. மத்ததெல்லாம் கறுத்துப் போயி அது மட்டும் வெள்ளையா. சின்னப் புள்ளையில கிரிக்கெட் பந்து பட்டதாம்ல?"

அது பந்து பட்ட தழும்பு இல்லை. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், என் உம்மாவுக்குத் தெரியும், அப்போது முடுக்கில் இருந்த சில பெண்களுக்குத் தெரியும். இவளுக்குத் தெரிய வேண்டாம் என்று ஈஸாவே பொய் சொல்லி வைத்திருக்கிறார். வெட்கத்திலா, இல்லை அது எங்கள் இருவருக்கும் மட்டும் உரியது என்றா? அவரிடமிருந்து எனக்கென்று கிடைத்திருப்பது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஆனால் இந்தப் பெண் தன் கண்ணில் வைத்திருந்த கடைசி முகத்தை எடுத்து அப்படியே எனக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரு இமையைக்கூட ஒளிக்கவில்லை.

"பந்து இல்ல," என்றேன். "எங்கூட்டு முடுக்கு வாசல்."

அவளுக்கு விளங்கவில்லை.

"கல்யாணம் முடிஞ்ச புதுசு. புது மாப்புள ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தானே வருவாஹ, காலையில போயிருவாஹ. பகல்ல வந்தா வெக்கக்கேடு. ஒருநாள் ஆபீசுக்கு அரைநாள் மட்டம் போட்டுட்டு, தூத்துக்குடி மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கிக்கிட்டு வந்துட்டாஹ. தெருவழியா வந்தா வாப்பா பாத்துருவாஹன்னு..."

"முடுக்கு வழியாவா?" ஆஃபியாவின் கண் விரிந்தது.

"முடுக்கு வழியா! பட்டப்பகல்ல! பொம்பளைய பூரா துணி அலசிக்கிட்டு இருக்காளுவோ. ஆளப் பாத்ததும் ஒரே கூச்சல், ஒருத்தி வாளியத் தூக்கித் தலையில கவுத்துக்கிட்டா. இவுஹ பயந்துபோயி ஓட்டமா ஓடி வாராஹ எங்கூட்டு வாசலப் பாத்து. நான் உள்ள இருந்து பாக்கேன். நெலை தாழ்வா இருக்கு, இவுஹ ஒசரம். தலை, தலைன்னு கத்துனேன். அதான் நான் அவுஹள்ட்ட சத்தமாப் பேசுன மொத வார்த்தை. கேக்கல. டமார்னு ஒரு இடி. முகம் பூரா ரத்தம். மக்ரூன் பொட்டலத்த மட்டும் விடல."

ஆஃபியா சிரித்துவிட்டாள். இத்தாவில் இருக்கும் பெண், வெள்ளைப் புடவைக்காரி, குலுங்கிச் சிரித்தாள். "என்னளா சத்தம்?" என்று அடுப்படியிலிருந்து அவள் உம்மா கேட்க, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்படியும் தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மக்ரூன் நொறுங்கி ரத்தத்தில் நனைந்துபோனதையும், அதையும் அவர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்ததையும் சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம்தான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தரையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். அவர் பெட்டியோடு வாசல் இறங்கிய நாளுக்கு, யாரும் கஞ்சி கொண்டுவராத என் இத்தாவுக்கு, மஹ்ரமானவர்கள் மட்டும் என்ற சொல்லுக்கு, தெருமுனையில் நின்றுபோன சத்தத்துக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன்.

ஆஃபியா என் தோளைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். கொஞ்சம் கழித்து மெத்தையில் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"மேல வந்து ஒக்காருங்க லாத்தா. தரை குளுருது."

ஏறி உட்கார்ந்தேன். அஸர் பாங்கு சொல்லும்வரை அங்கே இருந்தேன். கிளம்பும்போது அவள், "ரியாஸ் வந்தா இங்கனயும் வரச் சொல்லுங்க. முகத்தப் பத்தி நீங்க சொல்லுங்க, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்," என்றாள்.

முடுக்கில் வெயில் சாய்ந்திருந்தது. யாரோ அலசிப் போட்ட துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். அந்த வாசல் நிலைக்கு எத்தனையோ முறை சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, ஒரு அடையாளமும் இல்லை. என் உயரத்துக்கு அது இடித்ததே இல்லை, இடிக்கப்போவதும் இல்லை. உள்ளே உம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தலை, தலை," என்றேன், மெதுவாக.

பிறகு குனிந்து உள்ளே போனேன்.